நார்மல் ரத்தம்

மார்ச் 3, திங்கள்

இன்று முதல் நான் நார்மல். அதிகாரபூர்வமாக.

இருபத்து நான்கு வருஷமாக என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் வாயாடி. தலைநகர் ஹொனியாராவில் லேப் படிப்புப் படிக்கும்போது கலகக்காரன். அம்மாவுக்கு, சாமி கும்பிடும்போதும் சாமியிடம் குறை கண்டுபிடிக்கிறவன். கடைசியில் ஒரு சோதனைக் குழாயில் பேனாவால் பெரிய 'நா' போட்டு, பக்கத்தில் பேட்டிசன் என்று என் பெயரை எழுதி, குளிர்பெட்டியில் வைத்துவிட்டார் நெஸ்டா அக்கா. லேப் பொறுப்பாளர் அவர். நான் அவருக்கு உதவியாளன். தாலிசேவா ஆஸ்பத்திரியின் லேப் என்றால் நாங்கள் இரண்டு பேர், ஒரு மைக்ரோஸ்கோப், பல்லிகள்.

விஷயம் இது. பிரிஸ்பேன்காரர்களின் மலேரியா திட்டம் எங்கள் தீவுக்கு வந்திருக்கிறது. விட்டு விட்டு வரும் மலேரியாவுக்கு ஒரு மாத்திரை உண்டு. இரண்டு வாரம் தின்றால் கல்லீரலில் பதுங்கியிருக்கும் கிருமியும் சாகும். ஆனால் ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருப்பவர்கள் அதைத் தின்றால் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். ஆகவே முதலில் சோதனை. ஒரு சொட்டு ரத்தத்தை மருந்தில் கலந்து தாளில் பொட்டு வைத்து ஊதா விளக்கின் கீழே பார்க்க வேண்டும். நொதி இருந்தால் பொட்டு நீலமாக ஒளிரும். இல்லாவிட்டால் இருட்டு. எவ்வளவு ஒளிர்ந்தால் போதும் என்று ஒப்பிட, பக்கத்திலேயே நல்ல ரத்தத்தின் பொட்டு ஒன்று வேண்டும். அதுதான் நார்மல். அந்த நார்மல் குப்பி பெட்டியோடு வந்திருக்க வேண்டும்.

வந்தவை: பதாகை ஒன்று, டி-ஷர்ட் ஒரு மூட்டை, மலேரியாவை விரட்டுவோம் என்று எழுதிய பேனாக்கள்.

"அக்கா, ஹொனியாராவுல கேட்டீங்களா?"

"கேட்டேன். அடுத்த கப்பல்ல வருமாம்."

"எந்த வருஷத்து அடுத்த கப்பல்?"

"வாய மூடிக்கிட்டுக் கைய நீட்டு."

ஏன் நான்? அக்காவுக்கு ரத்தசோகை. துப்புரவுக்காரருக்குப் போன மாதம்தான் காய்ச்சல். எனக்கோ பிறந்ததிலிருந்து ஒரு முறைகூட மலேரியா வந்ததில்லை. இந்தத் தீவில் அப்படிச் சொல்வது மழையில் நனைந்ததே இல்லை என்று சொல்வதுபோல. "நல்ல இரும்பு உடம்புடா உனக்கு" என்றார் அக்கா, ஊசியைச் செருகிக்கொண்டே.

சாயங்காலம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. வெற்றிலைப்பாக்குக்காரி முதல் பாதிரியார் வரை "நார்மலு, நார்மலு" என்கிறார்கள். கொஞ்சம் பிடித்துத்தான் இருக்கிறது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் பிடித்திருக்கிறது.


மார்ச் 7, வெள்ளி

பிரிஸ்பேன் விஞ்ஞானி ஹாலி காலை விமானத்தில் வந்து, பயிற்சி கொடுத்து, மாலை விமானத்தில் போய்விட்டார். நல்ல மனுஷிதான். முதுகெல்லாம் வியர்வையோடு, மின்விசிறி நின்றுபோனதற்கு எங்களிடம் அவரே மன்னிப்புக் கேட்டார்.

அவர் சொன்னதில் ஒன்று எனக்கு உண்மையிலேயே பிடித்தது. ஆக்சிஜன் உயிர் கொடுக்கிறது என்று நினைக்கிறோம். கூடவே அது நம்மை அரிக்கவும் செய்கிறது. அரிப்பதைத் தடுக்க உடம்புக்குள் ஒரு படையே இருக்கிறது. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளூட்டத்தயோன் பெராக்சிடேஸ் — பெயர்கள்தான் வாயில் நுழையவில்லை, வேலை எளிது. ஒருவன் விஷத்தைப் பிடித்து அடுத்தவனிடம் கொடுக்கிறான், அவன் அதைத் தண்ணீராக்குகிறான். படை பலவீனமானால் வியாதி. இந்தப் படைக்குச் சோறு போடுகிறவன்தான் ஜி6பிடி. மற்ற அணுக்களுக்கு வேறு சமையற்கட்டும் உண்டு. சிவப்பணுவுக்கு இது ஒன்றுதான்.

நார்மல் குப்பி எங்கே என்று கேட்டேன். "ஓ, இன்னும் வரவில்லையா?" என்று குறித்துக்கொண்டார். மலேரியாவை விரட்டும் பேனாவால்.

படகுத்துறையில் டட்லியிடம் இதையெல்லாம் அளந்தேன். டட்லி என் பெரியம்மா மகன். எங்களில் அம்மாவழிதான் குலம் என்பதால் சொந்த அண்ணனே. ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றி இறக்கும் படகு அவனுடையது. கால்பந்தில் இடது ஓரத்தில் ஓடுகிறவன், வாய் அதைவிட வேகமாக ஓடும்.

"உன் எஞ்சின் அடியில ஒரு ஜிங்க் கட்டி திருகி வச்சிருக்கியே, எதுக்கு?"

"உப்புத்தண்ணி அதத் தின்னும், எஞ்சின விட்டுரும்."

"அதேதான். ஒவ்வொரு ரத்த அணுவுலயும் அந்த மாதிரி ஒண்ணு இருக்கு."

"உனக்கு எவ்வளவுடா இருக்கு?"

"எனக்கு எவ்வளவுன்னு அளக்க முடியாது. நான்தான் அளவு."

எச்சிலைக் கடலில் துப்பிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். "கடவுளே, இவனா அளவு? அப்ப இந்தத் தீவு உருப்படாது."


மார்ச் 12, புதன்

பொட்டு பார்க்க எங்களுக்கு இருட்டறை இல்லை. மேசைமேல் கறுப்புத் துணியைப் போர்த்தி அதற்குள் தலையை விடுகிறோம். உள்ளே வியர்வை, ஸ்பிரிட், அக்காவின் தேங்காயெண்ணெய் மணம்.

"என்னடா, எல்லாரும் உன்னவிடப் பளிச்சுனு இருக்காங்க?" என்றார் அக்கா துணிக்குள்ளிருந்து.

"புதன்கிழமை ஆயிருச்சுல்லக்கா. திங்கக்கிழமை எடுத்த ரத்தம். ராத்திரி வேற பேட்டரி போயிருச்சு."

"ம். மங்கத்தான் செய்யும்."

நானும் பழைய மீனும் ஒரே குளிர்பெட்டியில் இருந்தால் எவன்தான் மங்கமாட்டான். திட்டத்துக்குப் பதாகை வாங்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு பேட்டரி வாங்கத் தெரியவில்லை.


மார்ச் 17, திங்கள்

சந்தையில் ஹ்யூகோவிடம் சத்தம் போட்டேன். மேட்டுத்தெருக்காரன், மரம் அறுப்பவன். போன வாரம் சோதித்து, நார்மல் என்று சொல்லி மாத்திரை கொடுத்தோம். இரண்டே நாளில் நிறுத்திவிட்டானாம்.

"மூத்திரம் கறுப்பாப் போச்சு தம்பி."

"தண்ணி குடிக்காம வெயில்ல மரம் அறுத்தா கறுப்பாத்தான் போகும். மாத்திரைய முடிக்காம பாதியில விட்டா உங்களால ஊருக்கே மலேரியா. படிச்சவங்க சொன்னா கேக்கணும்."

கிழங்கு வாங்கிக்கொண்டு போய்விட்டான். சுற்றி நின்ற பெண்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். மரியாதையாகத்தான் இருந்திருக்கும்.

அக்காவிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்ல என்ன இருக்கிறது? மாத்திரைக்குப் பயந்தவன் ஒருவன்.


மார்ச் 24, திங்கள்

டட்லிக்கு இந்த வருஷத்தில் மூன்றாவது முறை காய்ச்சல். ஈஸ்டருக்கு நாகோலா ஊரோடு கால்பந்துப் போட்டி. அதற்குள் கிருமியை வேரோடு பிடுங்கிவிட வேண்டும் என்று அவனே வந்தான். காய்ச்சலிலும் வாய் குறையவில்லை.

"மெதுவாக் குத்துடா. இது உன் ரத்தம் மாதிரி சும்மா உக்காந்து தின்ன ரத்தம் இல்ல. ஓடி உழைச்ச ரத்தம்."

திங்கட்கிழமை என்பதால் என்னுடையதும் புதிது. துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். இரண்டு பொட்டுகளும் அச்சு அசல் ஒன்றுபோல. ஒரே நீலம், ஒரே அளவு. அன்றைக்கு வந்த மற்றவர்களுடையவை கூடவோ குறையவோ இருந்தன, இவனுடையது மட்டும் வெட்டி ஒட்டியதுபோல.

"டேய், உனக்கும் எனக்கும் ஒரே வெளிச்சம்டா!" என்று கத்தினேன்.

"போச்சு," என்றான். "இனி எவ என்னைத் திரும்பிப் பாப்பா?"

மாத்திரையை என் கையாலேயே எண்ணிக் கொடுத்தேன். பெருமையாக இருந்தது. நார்மலும் நார்மலின் அண்ணனும்.


மார்ச் 28, வெள்ளி

டட்லி படகை ஓட்டிவரவில்லை. படகில் கிடத்திக் கொண்டுவந்தார்கள்.

கண் மஞ்சள். உதடு வெளுத்து, சாம்பல் பூசியது மாதிரி. இடுப்பு வலிக்கிறது என்று முனகினான். பெரியம்மா ஒரு ஊறுகாய் பாட்டிலை என் கையில் கொடுத்தாள். உள்ளே அவனுடைய மூத்திரம். கோக் நிறம்.

மாத்திரையை நிறுத்தியாயிற்று. அக்கா என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார், "இவன் பொட்ட நீதானே பாத்த?"

"நார்மல்க்கா. சத்தியமா. என்னது மாதிரியே இருந்துச்சு."


மார்ச் 29, சனி

நாள் முழுக்க மற்றவர்களைத் திட்டினேன். மருந்து காலாவதி. விளக்கு மட்டம். பெட்டி வெயிலில் கிடந்த விமானத்தளம். ஹொனியாராவில் கையெழுத்துப் போட இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளும் அந்த அலுவலகம். டாக்டரே இல்லாத ஆஸ்பத்திரிக்கு டாக்டர் குடியிருப்பு கட்டித் திறந்துவைத்த எம்.பி. ஒருவரையும் விடவில்லை. எல்லாம் உண்மைதான். ஒவ்வொன்றுமே உண்மை. ஆனால் அதனால் டட்லியின் கண்ணில் ஒரு துளி மஞ்சள்கூடக் குறையவில்லை.

அந்த மலேரியாத் திட்ட டி-ஷர்ட்டைத்தான் போட்டிருந்தேன் என்பதை மாலையில்தான் கவனித்தேன்.


மார்ச் 30, ஞாயிறு

ஹ்யூகோவின் மூத்திரம் ஞாபகத்துக்கு வந்தது. சர்ச்சில், பூசையின் நடுவே. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அக்காவிடம் சொன்னேன். அவர் திட்டியிருக்கலாம். "எப்பச் சொன்னான்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு நீண்ட நேரம் அவர் கை கழுவிக்கொண்டேயிருந்தார்.


மார்ச் 31, திங்கள்

எழுத முடிகிறதா பார்ப்போம்.

காலையில் டட்லியின் ஹீமோகுளோபின் ஐந்துக்குக் கீழே போய்விட்டது. பேசினால் மூச்சு வாங்குகிறது. அவனுக்கே! ரத்தம் ஏற்றியாக வேண்டும். எங்களிடம் ரத்த வங்கி கிடையாது. நடந்து திரியும் நாங்கள்தான் வங்கி. அவன் ஓ குரூப், நானும் ஓ. சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு பெஞ்சில் போய்ப் படுத்தேன். பெரியம்மா என் நெற்றியில் முத்தமிட்டாள். என் அம்மா அழுதாள். தம்பி ரத்தத்தால் அண்ணன் பிழைத்தான் — பாதிரியார் அடுத்த ஞாயிறு இதைத்தான் பிரசங்கம் செய்வார் என்று நினைத்துக்கொண்டேன். மனசுக்குள் பணிவான முகம்கூடப் பழகிப் பார்த்துவிட்டேன். அவன் செத்துக்கொண்டிருக்கிறான், நான் முகம் பழகுகிறேன்.

ஹொனியாரா டாக்டர் ரேடியோவில் சொல்லியிருந்தார், ரத்தம் ஏற்றும் முன் டட்லியின் நொதியை மறுபடி பாருங்கள் என்று. அக்கா என்னிடம் கொஞ்சம் எடுத்து நார்மல் பொட்டும் வைத்து, துணிக்குள் போனார். போனவர் வரவில்லை.

வெளியே வந்து, "பேட்டிசன், இது இன்னைக்கு எடுத்ததுதானே?" என்றார்.

"இப்பத்தானேக்கா எடுத்தீங்க. இன்னும் சூடு ஆறியிருக்காது."

தன் விரலைக் குத்திக்கொண்டார். மறுபடி மருந்து கலந்தார். மறுபடி உள்ளே போனார்.

"எந்திரிச்சு வா. வந்து பாரு."

மூன்று பொட்டுகள். அக்காவுடையது பளிச்சென்று. டட்லியுடையது அதற்குச் சற்றுக் கீழே, தெளிவாக. மூன்றாவது, ஈர விறகில் பற்றிய நெருப்பு மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று. அதற்குப் பக்கத்தில் 'நா'.

என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை: "டட்லி தேறிட்டான் போலக்கா."

"தேறல. அவன் பழைய அணுவெல்லாம் செத்துப்போச்சு. எலும்புக்குள்ள இருந்து நேத்துப் பொறந்ததுங்க வந்திருக்கு. சின்னதுங்க, அதுல நொதி நெறைய இருக்கும். அதான் மினுங்குது." அக்கா விளக்கை அணைத்தார். துணிக்குள் எங்கள் இரண்டு பேர் மூச்சும்தான். "நீ மாத்திரை தின்னல. உனக்கு எதுவும் சாகல, எதுவும் புதுசாப் பொறக்கல. உன் வெளிச்சம் இதுதான்டா. எப்பவுமே இதுதான்."

"அப்ப பேட்டரி..."

"பேட்டரி இல்ல. நீ."

நோயாளி என்னைவிடப் பளிச்சென்று இருந்தான். அதனால்தான் கண்டுபிடித்தோம். அவன் சாகக் கிடக்காவிட்டால் நான் இன்னும் நார்மலாகவே இருந்திருப்பேன்.

"சட்டைக்கைய எறக்கு," என்றார் அக்கா. "உன் ரத்தம் வேண்டாம். அவனுக்குள்ள போனா அதுவும் உடையும்."

இரண்டு அம்மாக்களும் நின்ற தாழ்வாரம் வழியாக, சட்டைக்கையை இறக்கிக்கொண்டு நடந்தேன். அதைவிட நீளமான தாழ்வாரம் இந்தத் தீவில் இல்லை.

ரத்தம் கொடுத்தது கேஸ்பர். நாகோலா ஊர்க் கோல்கீப்பர், டட்லியின் ஜென்ம விரோதி. உடைந்த விரலுக்குக் கட்டுப் போட வந்தவன். ஓ வேண்டும் என்றதும் பெஞ்சில் ஏறிப் படுத்துவிட்டான். அவன் பொட்டு அக்காவுடையதைவிடப் பளிச்சென்று இருந்தது. நாங்கள் நாகோலாக்காரர்களோடு பேசுவதில்லை. அவன் கையில் ஒரு பேனாவைக் கொடுத்தேன். மலேரியாப் பேனா.


ஏப்ரல் 1, செவ்வாய்

மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது. பாட்டிலில் தேயிலைச் சாயம், கோக் இல்லை.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோலச் சொன்னேன். இது தாய்வழியில் வருவது. பெண்கள் சுமப்பார்கள், பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. பையன்கள்தான் அடிபடுவார்கள். எங்களில் நிலமும் தாய்வழிதான். தோப்பு முழுக்க என் கூடப்பிறந்த அக்காக்களின் பிள்ளைகளுக்குப் போகும். ஆம்பிளைப் பிள்ளைக்கென்று அம்மா ஒன்றும் எழுதிவைக்கவில்லையே என்று நான் கேலி செய்வதுண்டு. எழுதித்தான் வைத்திருக்கிறாள்.

அவள் சிரிக்கவில்லை. "எங்க பெரிய அண்ணன் இப்படித்தான் கறுப்பாப் போயிச் செத்தாரு. எனக்கு அப்ப எட்டு வயசு. மலேரியாக்காரங்க வந்து மாத்திர குடுத்துட்டுப் போன வாரம். அதுக்கு முந்தின நாள் நாகோலாவுல ஒரு விருந்துல சாப்பிட்டுத் தண்ணி குடிச்சிருந்தாரு. அவங்கதான் வச்சிட்டாங்கன்னு..."

"விஷமா?"

"அப்புறம் எதுக்கு நாங்க அந்த ஊர்ல தண்ணி குடிக்கறதில்லன்னு நெனச்ச?"

நான் நினைத்ததே இல்லை. கால்பந்துக்காக என்று இருந்துவிட்டேன்.


ஏப்ரல் 3, வியாழன்

டட்லி உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறான். சொல்லியே தீர வேண்டும் என்று போனேன். வழியெல்லாம் வார்த்தை அடுக்கினேன்.

"டட்லி, மாத்திரை... அதாவது பொட்டு... என் ரத்தம்..."

"கேஸ்பர் ரத்தம்னு சொன்னாங்க."

"அது வேற. நான் நார்மல் இல்லடா. என்னை வச்சு உன்னை அளந்தேன். நானே குறைடா. உன்னக் கொல்லப் பாத்தேன்."

கஞ்சிக் கிண்ணத்தை வைத்தான். என் முகத்தைப் பார்த்தான். சிரிக்கப்போகிறான் என்று நினைத்தேன். அப்படித்தானே எப்போதும்.

"போடா," என்றான். மெதுவாக. "கொஞ்ச நாள் என் கண்ணு முன்னால வராத."

சரியான வார்த்தை. வேறென்ன சொல்வான். நான் அவன் இடத்தில் இருந்தால் கிண்ணத்தை எறிந்திருப்பேன்.


ஏப்ரல் 9, புதன்

நடந்ததை எழுதியிருந்தோம், ஹாலியிடமிருந்து பதில். "மிகவும் சுவாரசியமான கண்டுபிடிப்பு! உங்கள் வம்சத்தில் இன்னும் ரத்த மாதிரிகள் சேகரிக்க முடியுமா?" இரண்டாவது வரியில்தான் டட்லிக்கு அனுதாபம். எட்டு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். அக்கா படித்துவிட்டு ஏழரைப் பக்கத்தை அடித்தார். மீதி இவ்வளவுதான்: 'நார்மல் குப்பி அனுப்பாமல் இனி ஒரு மாத்திரையும் கொடுக்கமாட்டோம். எங்கள் தவறுக்கு நாங்கள் பொறுப்பு. உங்களுடையதற்கு நீங்கள்.'

அடித்த பகுதிதான் நன்றாக இருந்தது. ஆனால் அனுப்பியதுதான் வேலை செய்யும் என்று தெரியும். எரிச்சலாக இருக்கிறது.

என்னை வைத்து அளக்கப்பட்ட எல்லோரையும் தேடிப் போகிறோம். துறையிலிருந்து துறையாக, கேஸ்பர் விரலைக் கொடுத்து அளவாக வருகிறான். டட்லியின் படகை அவன் மச்சினன் ஓட்டுகிறான். எஞ்சின் அடியில் ஜிங்க் கட்டி பாதி கரைந்திருந்தது. புதிதாக ஒன்று மாற்றச் சொன்னேன். இந்த மாதத்தில் நான் சொன்ன சரியான விஷயம் அது ஒன்றுதான்.


ஏப்ரல் 11, வெள்ளி

எல்லா வீட்டுப் படியிலும் ஒரே வாசகம் சொல்ல வேண்டியிருக்கிறது. "போன தடவ தப்பா அளந்துட்டோம், மறுபடி விரலக் காட்டுங்க." முதல் வீட்டில் தரையைப் பார்த்துச் சொன்னேன். நாலாவது வீட்டில் பழகிவிட்டது. பழகியது பிடிக்கவில்லை.

ஒரு கிழவர் கேட்டார், "யார வச்சு அளந்தீங்க?"

"என்னை வச்சுத்தான்."

"உன்னையா?" திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "ஏ, இங்க வா. நம்மள இவன வச்சு அளந்தாங்களாம்!" இருவரும் தோளில் கைபோட்டுச் சிரித்தார்கள். பிறகு விரலை நீட்டினார்கள். இரண்டு பேரும் பளிச்.

குறைவாக இருந்தவர்கள் நாலைந்து பேர், பாதி என் அம்மாவழிச் சொந்தம். ஒருவருக்கும் பெரிய ஆபத்தில்லை. காரணம் எங்கள் திறமை இல்லை. ஒருத்தி வாந்தி வந்து நிறுத்தியிருந்தாள். ஒருவன் மாத்திரையை வீடு முழுக்கப் பங்கு போட்டிருந்தான். ஒருவன் கூரையில் செருகிவைத்து மறந்திருந்தான். சொன்னபடி ஒழுங்காகத் தின்றவன் டட்லி மட்டும். நான் எண்ணிக் கொடுத்தேன் என்பதற்காக.


ஏப்ரல் 14, திங்கள்

ஹ்யூகோ வீடு. கடைசியாக வைத்திருந்தேன், வேண்டுமென்றேதான்.

விரலை நீட்டினான். பொட்டு மங்கல். என்னைப்போலவே.

"அன்னைக்குச் சந்தையில..." என்று ஆரம்பித்தேன்.

"தண்ணி குடிச்சேன் தம்பி," என்றான். "நீங்க சொன்னீங்கன்னு. மூணு நாள் குடம் குடமாக் குடிச்சேன். கறுப்புப் போகல. அப்புறம்தான், மாத்திரைய விட்ட மாதிரி, நீங்க சொன்னதையும் விட்டேன்."

அவன் கிண்டல் செய்யவில்லை. அதுதான் தாங்கவில்லை. சந்தையில் என் சத்தத்தைக் கேட்டவர்கள் அத்தனை பேர் முன்னாலும் என் தப்பைச் சொல்ல வேண்டும், அவனும் வர வேண்டும் என்று அவனிடம் சொன்னேன். எதற்கு என்று கேட்டான். எனக்காக என்றேன். "அப்ப உங்களுக்காக நான் சந்தைக்கு வரணுமா? சனிக்கெழம ஓய்வு எடுக்கணும் தம்பி," என்றான்.


ஏப்ரல் 19, சனி

சந்தையில் சொன்னேன். ஹ்யூகோ வரவில்லை. கிழங்குக்காரி, "அதெல்லாம் சரி, வாங்குறீங்களா இல்லையா?" என்றாள்.


ஏப்ரல் 21, திங்கள்

அம்மா கிழங்குப் புட்டிங் சுட்டு நாகோலாவுக்குக் கேஸ்பர் வீட்டுக்கு எடுத்துப் போனாள். அங்கேயே தண்ணீர் குடித்தாளாம்.


ஏப்ரல் 22, செவ்வாய்

போட்டியில் நாகோலா ஜெயித்தது. டட்லி ஆடவில்லை. ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எங்கள் ஆட்களையும் அவர்கள் ஆட்களையும் ஒரே அளவாகத் திட்டினான். கேஸ்பர் ஒரு பந்தைப் பாய்ந்து பிடித்தபோது, "என் ரத்தம்டா அது!" என்று கத்தினான். "உன்கிட்ட இருக்கறது என் ரத்தம்டா!" என்று பதிலுக்குக் கேஸ்பர். எல்லோரும் சிரித்தார்கள். நான் மரத்துக்குப் பின்னால் நின்று சிரித்தேன்.

என்னைப் பார்த்தான் என்றுதான் நினைக்கிறேன்.


மே 5, திங்கள்

குப்பிகள் வந்துவிட்டன. பஞ்சு சுற்றி, பனிக்கட்டி வைத்து. பெட்டியைத் திறந்தால் நார்மல் இருக்கிறது, மங்கல் குப்பி இல்லை. சரியாக ஒப்பிட இரண்டும் வேண்டும், ஒளிர்வது ஒன்று, மங்கல் ஒன்று. மங்கல் அடுத்த கப்பலில் வருமாம்.

அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். நான் பேசாமல் கையை நீட்டினேன். பழைய குழாயை எடுத்து ஸ்பிரிட்டால் 'நா'வைத் துடைத்தார். 'ம' போட்டார். பேட்டிசன் அப்படியே இருந்தது.

"இந்த வேலைக்கு உன்னவிட்டா ஆள் இல்லடா," என்றார். இந்த முறை உண்மை.

பத்து மணிக்கு டட்லி வந்தான். கல்லீரலில் அவன் கிருமி இன்னும் இருக்கிறது. ஹொனியாரா டாக்டர் வேறு வழி சொல்லியிருக்கிறார். வாரத்துக்கு ஒரே ஒரு முறை, எட்டு வாரம், எங்கள் கண் முன்னால், ஒவ்வொரு முறையும் ரத்தம் பார்த்துவிட்டு. அக்காதான் கொடுப்பார் என்று நான் உள்ளே நகர்ந்தேன்.

"எங்க ஓடுற? நீயே குடு."

தட்டில் மாத்திரையை வைத்து நீட்டினேன். அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"முதல்ல நீ முழுங்கு பாப்போம்."

"நான் முழுங்கினா எனக்கும் கறுப்பாப் போகும்."

"தெரியும்டா. உனக்கும் எனக்கும் ஒரே வெளிச்சம்." மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, நாக்கை நீட்டிக் காட்டினான். பள்ளிப்பிள்ளை மாதிரி. "நாளைக்குக் காலையில பாட்டில் கொண்டாரேன். நீதான் பாக்கணும். நல்லா வெளிச்சத்துல வச்சுப் பாரு, மங்கலு."


மே 6, செவ்வாய்

கொண்டுவந்தான். அதே ஊறுகாய் பாட்டில். ஜன்னலருகே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பாட்டிலுக்குள்ளே, தலைகீழாக, வெளிறிய மஞ்சளில், துறையும் அவன் படகும் தெரிந்தன.